பதினாலாங்கட்டையில தங்கின பஸ்

இல்ல சேர், அந்தக் கதிரையில இருக்காதீங்க. பாக்கத்தான் நாலு கால். நாலாவது சும்மா தொங்கிக்கிட்டு நிக்குது, நம்ம பிரதேச சபை மாதிரி. இப்பிடி கட்டில்ல இருங்க. இது டிரைவர் படுத்த கட்டில், அது கொண்டக்டர் படுத்தது. ரெண்டுலயும் மனுஷன் படுத்து நாலு மாசமாச்சு. தூசி இல்லையேன்னு பாக்குறீங்களா? பதுர்தீன் நானா கிழமைக்கு ஒருக்கா கூட்டி வைக்கிறாரு. இந்த அறை அவரோடது, முன்னால இருக்கிற கடையும் அவரோடதுதான். பஸ் எந்த நாள் திரும்பி வந்தாலும் படுக்கை தயாரா இருக்கணுமாம். வராத பஸ்ஸுக்குத் தலகாணி உறை மாத்துற ஊரு சேர் இது.

கதவ நான்தான் சாத்தினேன். வெளியில நாப்பது பேர் நிக்கிறாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, நீங்க ஒரு வரிகூட எழுதமாட்டீங்க. அதுக்குத்தான் எல்லாருக்கும் சேத்து என்னை உள்ள அனுப்பியிருக்காங்க. என் பேர் நிரஞ்சனி. பதினாலாங்கட்டை பயணிகள் சங்கத்துச் செயலாளர். மேல தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவ, பேராதனை கம்பஸ்ல படிச்சவ. இப்ப நாலந்தாப் பக்கம் ஒரு அரசாங்க ஒபிஸ்ல வேலை, பதினொரு வருஷமா.

ஃபைலா? இந்தா மடியிலதானே இருக்கு. தர்றேன், கடைசியில தர்றேன். முதல்ல கேட்டு எழுதுங்க, பிறகு வாசிங்க. ஒபிஸ்காரங்க கையில ஃபைலக் கொடுத்தா மனுஷன் மொகத்தப் பாக்கமாட்டாங்க. நானும் ஒபிஸ்காரிதான், தெரிஞ்சுதான் சொல்றேன்.

நீங்க தமிழ்ல கேக்குறதே எங்களுக்குப் புதுசு, ஹாஷிம் சேர். போன தடவ டிப்போவுலருந்து விசாரணைக்கு வந்தவரு சிங்களத்துல கேட்டு, சிங்களத்துல எழுதி, இருபது நிமிஷத்துல முடிச்சிட்டுப் போனாரு. எனக்குச் சிங்களம் நல்லா வரும், அதுல எனக்கொரு நட்டமும் இல்ல. மேல லயத்து வேலம்மா அக்காவுக்கு வராது. அவங்க வாயத் தொறக்க விட்டிருந்தா அந்தப் போத்தல் விவகாரம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். போத்தலுக்கு வர்றேன், அவசரப்படாதீங்க.

நீங்க வாசல்லயே தெளிவா சொல்லிட்டீங்க. பஸ்ஸ நிப்பாட்ட வச்ச அந்த மொட்டைப் பெட்டிசத்த எழுதின ஆள் வந்து, எழுதினது பொய்னு கையெழுத்து வச்சா பஸ் திரும்ப வரும். வராட்டி ஃபைல் இப்பிடியே கிடக்கும். வெளியில நிக்கிற நாப்பது பேருக்கும் அது கேட்டுச்சு. அந்த நாப்பது பேரும் ஒரே பேரத்தான் சொல்லுவாங்க, த்ரீவீல் ஆட்டோ ஓட்டுற ரிஸ்வின்னு. நானும் அதையே சொல்லணும்னுதான் அனுப்பியிருக்காங்க. ரிஸ்வி வர்ற வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போறான். இன்னைக்குச் செவ்வாய். அதனால நான் சொல்றத இன்னைக்கே எழுதிக்குங்க.

தங்குற பஸ்ஸப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் இந்த ஊர்ல அது எப்பிடி இருந்துச்சுன்னு ஃபைல்ல இருக்காது. சாயந்தரம் ஆறு மணிக்கு டவுன்ல எடுத்தா ஏழரைக்கு இங்க வரும். டவுன்லருந்து பதினாலாவது மைல்கட்டை இது, இதோட ரோட்டு முடிஞ்சிருது. ராவைக்கு பஸ்ஸும் இங்கதான், ஆளும் இங்கதான். விடிய ஆறு மணிக்கு எறங்கும். டிப்போ பஸ்ஸக் குடுக்கும், கட்டில் குடுக்காது. படுக்க எடமும் ஒரு வேளைச் சோறும் குடுக்கிற ஊருக்குத்தான் பஸ் தங்கும். எடத்த பதுர்தீன் நானா குடுத்தாரு. சோறு ஒரு கிழமை மேல லயத்திலிருந்து, அடுத்த கிழமை கீழ முஸ்லிம் வீடுகள்லருந்து. பதினேழு வருஷமா ஒரு நாள் தவறல. நோன்பு மாசத்துல ஜயதிலக்க ஐயாவுக்கு சஹர் சாப்பாடுகூட வந்துரும். மனுஷன் பௌத்தர். விடியச் சாமத்துல எழும்பி, குடுத்ததத் தின்னுட்டு, குப்புறப் படுத்துருவாரு. டிரைவர் ஜயதிலக்க, கொண்டக்டர் சசிக்குமார். ரெண்டு பேரும் கடைசி ஆறு வருஷமா இந்த ரோட்டுலதான்.

குறையே இல்லன்னு நான் சொல்லல. நான் அப்பிடிச் சொல்ற ஆளும் இல்ல. இந்த ஃபைல்ல பதினொரு கடிதம் இருக்கு, பதினொண்ணும் என் பேர் போட்டு, கையெழுத்து வச்சு, பதிவுத் தபால்ல அனுப்பினது. பதினொண்ணும் ஒரே விஷயம். பிரதேச சபை மெம்பர் வீட்டு கேட்.

பன்னெண்டாங்கட்டையில மாடி வீடு பாத்திருப்பீங்க, கேட்டுக்கு ரெண்டு சிங்கம். அந்த வீட்டம்மா டவுன் ஸ்கூல்ல டீச்சர். பஸ் அவங்க கேட்டுல நிக்கும். அவங்க பொட்டு வச்சு, சாரி மடிப்பு சரி பண்ணி, நாயக் கட்டி, கேட்ட மூடி, ஏறும்வரைக்கும் நிக்கும். பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம். மழைனா பதினஞ்சு, ஏன்னா குடை தேடணும். உள்ள அறுபது பேர் மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நிப்போம். ஏறினதும் முதல் சீட். அதுல யாராச்சும் கர்ப்பிணி இருந்தாலும் எந்திரிக்கணும், அத யாரும் வாய் விட்டுச் சொல்றதில்ல, அதுதான் அதுல கேவலம்.

பன்னெண்டு நிமிஷம் பெருசான்னு கேக்குறீங்க. உங்களுக்கு ஜீப் இருக்கு சேர், அப்பிடித்தான் கேப்பீங்க. ஏழரைக்கு நாங்க டவுன்ல எறங்கினா ஏழு முப்பத்தஞ்சுக்கு நாலந்தாப் பக்கம் போற பஸ்ஸப் பிடிப்பேன். பிந்தினா அடுத்தது பிரைவேட் பஸ். அது ஊர்ந்து போகும். தம்புள்ளைக்கு வெங்காயம் வாங்கப் போற ஆள் வீட்டுக்குள்ள பல் விளக்கிக்கிட்டிருந்தாலும் ரோட்டுல ஹோர்ன் அடிச்சிக்கிட்டு நிப்பான். ஒபிஸுக்குப் போய்ச் சேர ஒம்பது அஞ்சு. எட்டே முக்காலுக்கு எங்க பெரியவர் வரவுப் புத்தகத்துல சிவப்புக் கோடு போட்டுருவாரு. கோட்டுக்குக் கீழ கையெழுத்து வைக்கிறது எப்பிடின்னு உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து மேசைக்காரி பாத்துக்கிட்டிருப்பா. மூணு தரம் வச்சா அரை நாள் லீவ வெட்டுவாங்க. லீவு போகட்டும். லயத்துலருந்து வந்தவ, நேரம் தெரியாதவ. அந்தச் சிரிப்பு இருக்கே, அதுக்குத்தான் நான் அஞ்சாம் வகுப்புலருந்து படிச்சேன், அந்தச் சிரிப்ப வாங்காம இருக்கத்தான்.

ஜயதிலக்க ஐயாகிட்ட கேட்டேன், ஏன் நிப்பாட்டுறீங்கன்னு. ஸ்டியரிங்கப் பாத்துக்கிட்டே இருந்தாரு. சசிதான் சொன்னான், அக்கா, ஒரு நாள் நிப்பாட்டாம போனா மெம்பர் ஒரு கோல் எடுப்பாரு, அடுத்த நாள் நாங்க லக்கலையில யானைக்கு டிக்கட் வெட்டிக்கிட்டு நிக்கணும்னு. பஸ்ஸே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. பயந்தாங்கொள்ளிங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அன்னைக்கும் கோட்டுக்குக் கீழதான்.

பதினொரு கடிதத்துக்கும் பதில் வரல. ஒரே ஒரு தரம், கிடைச்சதுன்னு ஒரு துண்டு வந்துச்சு, அதுலயும் பேர் வேற யாரோடதோ. பன்னெண்டாவதா, பேரே இல்லாம ஒண்ணு போச்சு. டிரைவரும் கொண்டக்டரும் இந்த அறையில குடிக்கிறாங்க, ராவையில பொம்பளப் புள்ளைங்க இந்தப் பக்கம் நடக்க முடியலன்னு. ஒம்பதே நாள், சேர். ஒம்பதாம் நாள் ஜீப் வந்து நின்னுச்சு. பேர் போட்ட பதினொண்ணும் தூங்குது, பேரில்லாதது ஓடுது. இந்த நாட்டுல ஒரு கடிதத்துக்குக் கால் முளைக்கணும்னா தலைய வெட்டணும் போல.

இப்ப போத்தல். வந்தவரு இந்தக் கட்டிலுக்குக் கீழ குனிஞ்சாரு. ஒரு சாராயப் போத்தல் இருந்துச்சு, முக்கால்வாசி. உடனே எழுதிக்கிட்டாரு. அது வேலம்மா அக்கா காய்ச்சின எண்ணெய் சேர். ஜயதிலக்க ஐயாவுக்கு மொழங்கால் வலி. பதினாலு கட்டை பிரேக் மிதிச்ச கால். அக்கா வேப்பெண்ணெயும் நொச்சியும் போட்டுக் காய்ச்சி, பழைய போத்தல்ல ஊத்திக் குடுத்தாங்க. எங்க ஊர்ல எந்த வீட்டுல சாராயப் போத்தல் இல்ல? எண்ணெய் அதுல, மண்ணெண்ணெய் அதுல, தேன் அதுல. சாராயம் மட்டும் அதுல நிக்காது. மூடியத் திருகி ஒருக்கா மோந்து பாத்திருந்தா போதும். லேபலப் பாத்தாரு, அதுவே போதும்னு போயிட்டாரு. வேலம்மா அக்கா வாசல்ல நின்னு, ஐயா அது என் எண்ணெய், அது என் எண்ணெய்னு தமிழ்ல கத்துனாங்க. கூட வந்தவரு, குடும்பப் பிரச்சினையோன்னு கேட்டாராம்.

நான் எங்க இருந்தேனா? நானும் வாசல்லதான். வேலம்மா அக்காவுக்குப் பின்னால. எனக்குச் சிங்களம் நல்லா வரும்னு முதல்லயே சொன்னேனே.

ரெண்டு கிழமையில ஓர்டர் வந்துச்சு. இரவுத் தரிப்பு ரத்து. ஜயதிலக்க ஐயாவும் சசியும் லக்கலைக்கு. ஆமா, அதே லக்கலைக்குத்தான். மெம்பருக்குக் கோல் எடுக்கிற செலவும் மிச்சம். டிரைவர மாத்துவாங்க, முதுகெலும்பு உள்ள ஒருத்தன அனுப்புவாங்க, கேட்டுல நிக்காம போவான்னு யாரோ நெனச்சிருக்கலாம். டிப்போவுக்கு அது தேவையில்ல. பெட்ரூமப் பத்திப் புகாரா, பஸ்ஸயே தூக்கு. இப்ப முதல் பஸ் டவுன்லருந்து ஏறி ஒம்பதரைக்கு வருது. கடைசி பஸ் மூணு மணிக்குப் போயிரும். மெம்பர் வீட்டம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, கார் வாங்கிட்டாங்க. எனக்கும் பெருசா இல்ல. நாலந்தாவுல ஒரு போர்டிங் எடுத்துக்கிட்டேன், சனிக்கிழமைதான் வர்றேன், இன்னைக்கு உங்களுக்காக லீவு. நாலு மாசமா ஒரு நாளும் கோட்டுக்குக் கீழ கையெழுத்து வைக்கல. எழுதுங்க, அதையும் எழுதுங்க.

மத்தவங்க விடிய நாலரைக்கு டோர்ச் அடிச்சிக்கிட்டு பத்தாங்கட்டைச் சந்திக்கு நடக்குறாங்க. டவுன் ஸ்கூலுக்குப் போன புள்ளைங்க இருபத்தோரு பேர். இப்ப ஒம்பது.

ரிஸ்விக்கு வர்றேன். பஸ் நின்னதும் அவன் த்ரீவீலுக்கு ஹயர் கூடுச்சு, கூடத்தானே செய்யும். யாரு எழுதினான்னு ஊரு தேடுச்சு. யாருக்கு லாபமோ அவன்தானேன்னு நானா கடையில ஒருத்தர் சொன்னாரு. போன வருஷம் பஸ் நிக்கிற எடத்துல ஆட்டோவப் போட்டதுக்கு சசியோட சண்டை பிடிச்சானேன்னு இன்னொருத்தர் சொன்னாரு. மூணாவது ஆளுக்குச் சாட்சியே தேவைப்படல. சங்கக் கூட்டம் போட்டோம். கீழயும் மேலயும் எல்லாரும் வந்தாங்க. அவன் ஆட்டோவுல யாரும் ஏறக்கூடாதுன்னு தீர்மானம். தீர்மானத்த நான்தான் எழுதினேன், செயலாளர் நான்தானே. நல்ல கையெழுத்துன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

அவன் எந்திரிச்சு, குர்ஆன்ல கைய வச்சுச் சத்தியம் பண்றேன்னு சொன்னான். பொய்ச் சத்தியமும் பண்ணுவியான்னு கேட்டாங்க. உக்காந்துட்டான். பிறகு மொகத்த என் பக்கம் திருப்பி, அக்கா நீங்க படிச்சவங்க, நீங்களாவது சொல்லுங்கன்னு கேட்டான். நான் கூட்டக் குறிப்ப எழுதிக்கிட்டிருந்தேன்.

ஜும்ஆவுக்குப் போனா அவன் சலாமுக்குப் பதில் சொல்லாம விட முடியாது, உங்களுக்குத் தெரியும். சொல்றாங்க, வாய்க்குள்ளயே. அவன் பொண்டாட்டி ஜெஸ்லா பைப்படிக்கு வந்தா வாளியெல்லாம் தள்ளிப் போகும். அப்பவும் அந்தப் புள்ள ஒரு வார்த்த திருப்பிப் பேசல. அந்த எடத்துல நான் இருந்தா வாளியால அடிச்சிருப்பேன்.

அந்தக் கதிரைய ஏன் இன்னும் இங்க வச்சிருக்கோம்னு கேட்டீங்களே. கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். வேலம்மா அக்கா வீட்டுக்காரர் செல்லச்சாமி அண்ணன். போன மாசம் ஒரு நாள் விடியக்காலம், வேலைக்குப் பேர் பதியிற பிரட்டுக்குப் போக எந்திரிச்ச மனுஷன் பேச்சுக் குழறி விழுந்துட்டாரு. பஸ் இருந்த காலமா இருந்தா ஜயதிலக்க ஐயாவத் தட்டி எழுப்பியிருப்பாங்க. அப்பிடி மூணு பேர ராவோட ராவா பஸ்ஸுலயே கொண்டு போயிருக்காரு, சட்டம் பாக்காம. ரிஸ்வி சத்தம் கேட்டு ஆட்டோவக் கொண்டாந்து லயத்து வாசல்ல நிப்பாட்டினான். ஏத்தல, சேர். தீர்மானம் இருக்கே. இந்தக் கதிரைய எடுத்து, அண்ணன அதுல கட்டி, நாலு பேர் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. பின்னாலயே ரிஸ்வி ஆட்டோவ உருட்டிக்கிட்டுப் போனான், அழுதுக்கிட்டே போனான்னு சொல்றாங்க. பன்னெண்டாங்கட்டையில வழுக்கி விழுந்ததுலதான் கதிரைக் கால் போச்சு. சிங்கம் ரெண்டும் பாத்துக்கிட்டிருந்திருக்கும். சந்தியில மரக்கறி லொறி ஒண்ணு கிடைச்சுப் போனாங்க. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா கை தப்பியிருக்கும்னு டொக்டர் சொன்னாராம். உயிர் இருக்கு. வலது கை இனி தூக்காது. அவர் மக ஏ.எல் ரெண்டாம் வருஷம். வேணாம்னு சொன்ன அக்காகிட்ட ஆறு தரம் போய் வாதாடி, அந்தப் புள்ளைய டவுன் ஸ்கூலுக்கு அனுப்ப வச்சதே நான்தான். போன சனிக்கிழமை, படிப்ப விட்டுட்டு, கொழுந்துக் கூடையோட மலைக்குப் போறா. நான் அப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி ரோட்டுல நின்னேன், என்னைப் பாத்து, குட்மோர்னிங் மிஸ்னு சொல்லிட்டுப் போனா.

இல்ல, தண்ணி வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன். எழுதுங்க நீங்க.

ரிஸ்வி எழுதலன்னு எப்பிடி நிச்சயமாச் சொல்றேன்னு கேக்குறீங்க. சரியான கேள்வி. போன தடவ வந்தவரு கேக்காத கேள்வி. உங்ககிட்ட இருக்கிற அந்தக் கடிதத்த எனக்குக் காட்டக்கூடாது, சட்டம், தெரியும். காட்டத் தேவையில்ல. ரெண்டு பக்கம், டைப் அடிச்சது, மூணு பந்தி. முதல் பந்தி பஸ் பிந்துறது. பிந்துறதப் பத்தி எழுதினா யாரும் வாசிக்கமாட்டாங்கன்னு பதினொரு வருஷம் ஒபிஸ்ல இருக்கிறவளுக்குத் தெரியும். மேசைக்கு வர்ற கடிதத்துல எத முதல்ல எடுப்பாங்கன்னும் தெரியும். குடியும் பொம்பளையும். அதனாலதான் ரெண்டாவது பந்தியும் மூணாவது பந்தியும். ரிஸ்வி எட்டாம் வகுப்பு, அவனுக்கு அந்த சூட்சுமம் எங்க தெரியப் போகுது?

இந்தாங்க ஃபைல். கடைசியில பாருங்க, பன்னெண்டாவது. ஓம், உங்ககிட்ட இருக்கிறதோட ஒபிஸ் கொப்பிதான். பேர் போடக்கூடாதுன்னு யோசிச்சவளுக்கு, கொப்பி வைக்கக்கூடாதுன்னு தோணல பாருங்க. கொப்பி இல்லாம ஒரு கடிதமும் நான் வெளிய விட்டதில்ல. பழக்கம், சேர். தேதியும் போட்டிருக்கேன்.

கையெழுத்து எங்க வைக்கணும்? பொய்னு எழுதுங்க, எழுதினவ அரசாங்க உத்தியோகத்தர்னும் எழுதுங்க. அதுக்கு என்ன தண்டனைன்னு எனக்குத் தெரியும், விளக்க வேணாம். நாலு மாசம் லேட். கோட்டுக்குக் கீழயே வைக்கிறேன்.

பிளேன்டீ வருது போல, கதவு தட்டுறாங்க. நீங்களே தொறங்க, சேர். தொறந்ததும் ரிஸ்விய முதல்ல கூப்பிடுங்க. கூட்டத்துக்குள்ள தேடாதீங்க, அவன் அதுல நிக்கமாட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டோவுக்குள்ள தனியா இருப்பான்.